நாலடி தூரத்து லென்ஸ்

ஸன்ஆ,
9 பிப்ரவரி 2008

அன்புத் தம்பி ஹமூதுக்கு, அக்கா கவ்கபின் ஸலாம்.

நீயும் உன் அறைத் தோழர்களும் ஜித்தாவின் புழுக்கத்திலும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. உம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. படிக்கட்டைத் திட்டிக்கொண்டே ஏறி, திட்டிக்கொண்டே இறங்குகிறாள். எனக்கு உடம்பு சுகம்.

நீ அனுப்பிய கேமராவை பஸ் டிரைவர் ஸாலிஹ் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து கொடுத்தார். போனில் விவரம் பேச முடியவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதையே உரக்கத் திருப்பிச் சொல்கிறாள். இணையக் கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் நின்று நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் ஸாலிஹ் கையில் கடிதம்.

இத்தனை வருடம் என் பிலிமைக் கழுவித் தந்த ஸ்டுடியோக்காரனை உனக்குத் தெரியும். "கழுவறது என் பெண்டாட்டி. அந்த ரூமுக்குள்ள நான் தலையைக்கூட நீட்டறதில்ல" என்று சத்தியம் செய்தவன். போன வாரம், இங்கே எல்லோரும் மெல்லுகிற காத் இலையை விற்கிறவன் ஒருவனுடைய கைப்பேசியில் ஒரு மணப்பெண்ணின் படம் இருந்திருக்கிறது. நான் எடுத்த படம். அவளுடைய அண்ணன் கண்ணிலேயே அது பட்டுவிட்டது. பெரியவர்கள் பேசி அடக்காமல் இருந்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நேராகக் கடைக்குப் போய் இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். நான் எடுத்த முகங்கள் எல்லாம் ரப்பர் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. அவன் மனைவி தாய் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறதாம். அந்தக் கட்டைக் கையில் எடுத்தபோது பிசுபிசுத்தது. மென்ற வாயைத் துடைத்த விரலால் புரட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் அருவருப்பு போகவில்லை.

மண்டப வாசலில் கைப்பைகளைத் துழாவி, கைப்பேசிகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் பெண்களை உள்ளே விடுகிறார்கள். கேமராவோடு போகிற ஒரே ஆள் நான். என் வாக்கை நம்பித்தான் அவர்கள் பர்தாவைக் கழற்றுகிறார்கள். ஒரு படம் வெளியே போனால் என் பிழைப்பு போகும். அதைவிட, படத்தில் இருப்பவளின் வாழ்க்கை போகும். அதனால்தான் டிஜிட்டல். நானே எடுத்து, வீட்டில் நானே பிரிண்ட் போட்டு, நானே அழித்துவிடுவேன். நடுவில் எந்த ஆணின் கையும் இல்லை.

லென்ஸ் இல்லாமல் கேமரா குருடு. எனக்கு ஐம்பது எம்எம், ஒன்று புள்ளி எட்டு வேண்டும். மண்டபத்தில் வெளிச்சம் மங்கல். ஃபிளாஷ் அடித்தால் ஜரிகையும் தங்கமும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடுகின்றன. வாய் அகன்ற லென்ஸ்தான் சரி. நீ வேலை பார்க்கிற கேமராக் கடையில் பார்த்து அனுப்பு.

உன் ஆயுளும் சம்பாத்தியமும் பெருகட்டும்.
கவ்கப்


ஜித்தா,
27 பிப்ரவரி 2008

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி ஹமூத் ஸலாமுடன் எழுதுவது.

கஅபாவுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு உங்கள் இருவருக்காகவும் துஆ கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. உம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். இரவில் தேய்க்கச் சொல்.

அந்த ஸ்டுடியோக்காரனின் கண்ணைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில் நாஜி கொதித்துப் போனான். "இவனுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்லையா?" என்று கேட்டான். மார்க்கம் தெரியாத மிருகங்கள்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது பழைய காலத்துச் சரக்கு. ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமானால் நீதான் நடந்து போக வேண்டும். உன் கேமராவுக்குள் மோட்டார் இல்லாததால் அந்த லென்ஸில் ஃபோகஸைக் கையால் திருக வேண்டியிருக்கும். முதல் கேமரா வாங்குகிற எல்லோருக்கும் நான் கடையில் சொல்வதைத்தான் உனக்கும் சொல்கிறேன். பதினெட்டு ஐம்பத்தைந்து ஜூம் ஒன்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற எழுபது முந்நூறு ஒன்று. இரண்டும் இருந்தால் உலகமே கையில். இரண்டையும் ஸாலிஹிடம் கொடுத்துவிட்டேன். என் அன்பளிப்பு.

முந்நூறைப் போட்டுக்கொண்டு மேடை ஓரமாக நில். கடைசி வரிசையில் இருக்கிறவளின் கண் மை வரைக்கும் தெரியும். எடுப்பது யாருக்கும் தெரியாது, கூச்சப்படவும் மாட்டார்கள், படம் இயல்பாக வரும். மணப்பெண்ணையே எடுத்துக்கொண்டிருக்காதே. கூட்டத்தையும் நன்றாக எடு. அதுதான் இப்போதைய பாணி.

உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பாதுகாப்புத் தரட்டும்.
உன் ஹமூத்


ஸன்ஆ,
2 ஏப்ரல் 2008

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம்.

தைலம் உம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. வலி போகவில்லை, வாசனை நன்றாக இருக்கிறதாம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஸாலிஹ் நீ இளைத்துவிட்டதாகச் சொன்னார். என் கடிதத்தை அறையில் வாசித்துக் காட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். இனி வாசிக்காதே. நான் நாஜிக்கு எழுதவில்லை.

உன் பேச்சைக் கேட்டு முந்நூறை ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். வீணாய்ப் போயிற்று. அந்த மங்கல் வெளிச்சத்துக்கு அது ஆகாது. ஆடுகிறவர்களின் முகமெல்லாம் தண்ணீரில் கரைந்த மருதாணி மாதிரி வந்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்து நின்று, கொட்டு அடித்துக்கொண்டிருந்தவளையும் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள்.

"ஏ பொண்ணே, அந்தக் குழாயை எங்க திருப்பறே? நீ அங்க நிக்கறே, அது யார் மடியில உக்காந்திருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒவ்வொருத்தியாகப் பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கல்யாண மண்டபம் பாதி கறுப்பாகிவிட்டது. மணப்பெண் அழுதாள். லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, சின்னதை மாட்டிக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

ஐம்பது ஏன் வேண்டும் என்று இப்போதாவது கேட்டுக்கொள். அதை வைத்துக்கொண்டு நாலடி தூரத்துக்குப் போனால்தான் முகம் நிறைந்து வரும். நாலடியில் நின்றால் அவள் என்னைப் பார்ப்பாள். சம்மதமானால் தோளை நிமிர்த்துவாள், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்புவாள். தெரியாமல் எடுத்தால் இயல்பாக வரும் என்கிறாய். திருடன் வந்து போகிற வீடும் இயல்பாகத்தான் தூங்கிக்கொண்டிருக்கும்.

படங்களை வீட்டில் பிரிண்ட் போட்டு மணப்பெண்ணின் தாயிடம் கொடுத்துவிடுகிறேன். பிறகு அவள் கண் முன்னால் கார்டையும் கம்ப்யூட்டரையும் துடைத்துவிடுகிறேன். "காலி" என்று திரையில் காட்டினால்தான் அவர்களுக்கு நிம்மதி, எனக்கும்.

ஐம்பதை அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.
கவ்கப்


ஜித்தா,
20 ஏப்ரல் 2008

அன்பு அக்காவுக்கு ஸலாம். நான் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்.

ஐம்பது கடையில் தீர்ந்துவிட்டது, வந்தால் பார்க்கலாம். அன்பளிப்பாகக் கொடுத்ததைக் குறை சொல்வது உன் பழக்கம், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்டு ஏதாவது தகராறு செய்தால் தூக்கி எறியாதே. எனக்கு அனுப்பு, கடையில் மாற்றித் தருவார்கள்.

உம்மா போனில் என் கல்யாணப் பேச்சைத்தான் பேசுகிறாள். இந்த வருடமே முடிக்க வேண்டுமாம். எனக்கும் வயது ஆகிறது. ஆனால் நம் ஊர் வழக்கத்தை நினைத்தால் எரிச்சல் வருகிறது. மார்க்கம் அனுமதித்த பார்வை என்று ஒரே ஒரு தடவை, அப்பன் முன்னால், பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். அதில் என்ன தெரியும்? நாஜி சொல்கிற மாதிரி, அறுக்காத தர்பூசணியைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருகிற கதைதான். உள்ளே சிவப்போ வெளுப்போ, அவனவன் தலையெழுத்து.

நீ எல்லாப் பெண்களையும் பார்க்கிறாய். நல்ல குடும்பத்துப் பெண்கள் யார் யார் வருகிறார்கள்? திராட்சை மண்டிக்காரர்கள், தேன் வியாபாரிகள் வீட்டுப் பெண்கள் எல்லாம் வருவார்களே. சும்மாதான் கேட்கிறேன்.

உம்மாவின் கைக்கு என் முத்தம்.
ஹமூத்


ஸன்ஆ,
25 மே 2008

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, உம்மா வாளி வைத்திருக்கிறாள். மற்றபடி இருவரும் சுகம்.

தர்பூசணியைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போக அந்தத் தர்பூசணிக்குச் சம்மதமா என்று நாஜி யோசித்தானா? மண்டபத்தில் யார் வந்தார்கள், யார் எப்படி இருந்தார்கள் என்று நான் உம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. உன்னிடம் சொல்வேனா? பெண் பார்ப்பது உம்மாவின் வேலை. அவளுக்குக் கண் இருக்கிறது, நாக்கும் இருக்கிறது.

ஐம்பது எனக்குக் கிடைத்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிற ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா தன்னுடையதை விற்றுவிட்டுப் போனாள். ஃபோகஸைக் கையால்தான் திருகுகிறேன். இத்தனை வருடம் திருகாத கையா இது?

பக்கத்துத் தெரு ஸமீராவின் கல்யாணத்தை அதில்தான் எடுத்தேன். அம்மாடி, என்ன படங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே கன்னத்து மினுக்கு வருகிறது. ஒன்று சொல்கிறேன், நீயும் கற்றுக்கொள். ஒரு பெண் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். கிட்டே போய் அழுத்தினேன். அழுத்துகிற நேரத்தில்தான் அவள் என்னைக் கவனித்தாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கையை உயர்த்தி, "என்னை வேணாம் அக்கா" என்றாள். உடனே திரையை அவளுக்குக் காட்டி, அவள் விரலாலேயே அழிக்க வைத்தேன். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு மறுபடியும் ஆடப் போய்விட்டாள். நீண்ட குழாயால் எடுத்திருந்தால் அவள் எப்படி வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்?

பிரிண்ட் எல்லாம் கொடுத்து, கார்டையும் துடைத்த பிறகு, அந்தக் கார்டு கேமராவில் படிக்க மாட்டேன் என்கிறது. நீ சொன்னபடி ஸாலிஹிடம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை, காலிதான். மாற்றி அனுப்பு.

துஆவுடன்,
கவ்கப்


ஜித்தா,
19 ஜூலை 2008

என் அன்பிற்குரிய அக்காவுக்கு ஆயிரம் ஸலாம்.

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் கோடை விற்பனை, நிற்க நேரமில்லை. புதிய கார்டு இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று கேட்டதற்கு இரண்டு. உனக்குப் பிடித்த பேரீச்சையும் இருக்கிறது. உம்மாவுக்குப் புது பர்தாத் துணி. நீங்கள் நலமாக இருந்தால் அதுவே எனக்குச் செல்வம்.

நல்ல செய்தி. நான் முடிவு செய்துவிட்டேன். திராட்சை மண்டி முஹ்ஸின் அவர்களின் மகள் தஹானியைக் கேட்கும்படி உம்மாவிடம் சொல்லிவிட்டேன். உம்மாவுக்குப் பரம சந்தோஷம். நல்ல குடும்பம், பெண்ணைப் பற்றியும் நல்லபடியாகவே கேள்விப்பட்டேன். இடது காதுக்குக் கீழே மச்சமாம். கூந்தல் இடுப்பு வரையாம். அல்லாஹ் என் மனதில் அவளை இறக்கி வைத்துவிட்டான் அக்கா. கண்ணை மூடினால் போதும், சிரித்தபடி ஒரு கையை உயர்த்தி, விரல்களை விரித்து, என்னைக் கூப்பிடுகிற மாதிரி நிற்கிறாள்.

நீ உம்மாவோடு போய் நல்லபடியாகப் பேசு. உன்மேல் அந்த வீட்டுப் பெண்களுக்கு மதிப்பு அதிகம் என்று உம்மா சொன்னாள்.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
ஹமூத்


ஸன்ஆ,
28 ஜூலை 2008

ஹமூதுக்கு.

உம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கையை உயர்த்தி, விரல்களை விரித்து, சிரித்தபடி. அந்தப் படத்தை நான் பிரிண்ட் போடவில்லை. உம்மாகூடப் பார்த்ததில்லை. அவள் தன் விரலாலேயே அதை அழித்தாள். அந்தப் படத்தை உலகத்தில் பார்த்தவர்கள் அவளும் நானும் மட்டும்தான். உனக்கு எப்படித் தெரியும்?

உம்மாவைக் கேட்டேன். "காதுக்குக் கீழ மச்சம் இருக்கற பொண்ணு யாருன்னு போன்ல கேட்டான். முஹ்ஸின் மகளா இருக்கும்னு சொன்னேன். அதுல என்ன?" என்றாள். மச்சம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, வெங்காயம் கருகுகிறது என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் வெங்காயமே இல்லை.

அந்தக் கை உன்னைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொன்ன கை அது.

பதில் எழுது. வேறெதுவும் எழுதாதே, கேட்டதற்குப் பதில் எழுது.
கவ்கப்


ஜித்தா,
15 ஆகஸ்ட் 2008

அக்காவுக்கு ஸலாம். நலம், நலமே சூழ்க.

நீ இப்படி ஊரைக் கூட்டுகிற மாதிரி எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. கார்டில் அழித்தது அழியாது. நீ துடைத்தாலும் உள்ளே கிடக்கும். கடையில் அதை மீட்கிற மென்பொருள் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்குத் தினமும் செய்து கொடுக்கிறோம். கார்டு பழுதா என்று சோதிக்கப் போட்டேன், படங்கள் தானாக வந்து விழுந்தன. நான் என்ன செய்ய?

மணமுடிக்க நினைக்கிற பெண்ணைப் பார்க்கலாம் என்று மார்க்கமே சொல்கிறது. நான் அந்த எண்ணத்தோடு மட்டும்தான் பார்த்தேன். மற்ற பெண்களின் படங்களை வேகமாகத் தள்ளிவிட்டேன், அல்லாஹ் சாட்சி. நாஜியின் மடிக்கணினியில்தான் போட்டுப் பார்த்தேன். அவன் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்த ஸ்டுடியோ நாயோடு என்னை ஒப்பிடாதே. அவன் அந்நியன். நான் உன் கூடப் பிறந்தவன். உன் கண் பார்த்தால் என்ன, என் கண் பார்த்தால் என்ன? நீ அந்த முந்நூறை ஒழுங்காகப் பயன்படுத்திக் கூட்டத்தை நன்றாக எடுத்து, இரண்டு படம் எனக்குக் காட்டியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

பெருநாளுக்கு ஊர் வருகிறேன். முறைப்படி பெண் பார்க்கப் போவோம். அது இனிச் சடங்குதான். அதுவரை வாயை மூடிக்கொண்டிரு. இது வெளியே தெரிந்தால் எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஆண். உனக்குத்தான் ஒரு மண்டபமும் கதவு திறக்காது. உன் நன்மைக்குச் சொல்கிறேன்.

உம்மாவுக்கு ஸலாம்.
ஹமூத்


ஸன்ஆ,
6 செப்டம்பர் 2008

ஹமூதுக்கு.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. உம்மா சுகம். உன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியிருக்கிறாள். வா.
கவ்கப்


ஜித்தா,
24 அக்டோபர் 2008

கவ்கபுக்கு.

உங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டியது கடமை, விசாரித்துவிட்டேன். என் சுகத்தைக் கேட்காதே.

ஊரை விட்டு வரும்போது உன்னிடம் பேசக் கூடாது என்று இருந்தேன். பேசாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. நீ உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாய். நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. புது உடுப்பு, ஊத் அத்தர், நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் வாப்பாவின் கத்தி. முஹ்ஸினும் அவர் தம்பியும் என்னை நடுவில் உட்கார வைத்து, என் வேலையைக் கேட்டு, என் தொழுகையைக் கேட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் தட்டோடு வந்தாள். தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு, கண் மட்டும். தட்டை வைத்தாள். ஓடவில்லை, நின்றாள். "முகத்தைக் காட்டும்மா, மார்க்கம் அனுமதிச்சதுதானே" என்று முஹ்ஸின் அன்பாகத்தான் சொன்னார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"மார்க்கம் குடுத்தது ஒரு பார்வை வாப்பா. அவர் அதை ஜித்தாவிலயே பாத்து முடிச்சிட்டார். ஸமீரா கல்யாணத்துல நான் ஆடினதை. கூட்டாளியோட உக்காந்து பாத்தார்."

சொல்லிவிட்டு நடந்துபோனாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். நான் பழரசத்தை மடியில் கொட்டிக்கொண்டேன். முஹ்ஸின் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மசூதி வாசலில் செருப்புத் திருடினவனைப் பார்க்கிற மாதிரி. ஒரு பெண்பிள்ளை, பெரியவர்கள் முன்னால், இத்தனை வெட்கம் கெட்டா பேசுவாள்? அவளைக் கட்டாமல் தப்பித்தேன் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

நீதான் சொல்லிக் கொடுத்தாய். கூடப் பிறந்தவளே வெட்டிவிட்டாய். உன் பிழைப்பு போனால் என்மேல் பழி போடாதே. அந்த எழுபது முந்நூறைத் திருப்பி அனுப்பு, இங்கே விற்றுக்கொள்கிறேன்.

படங்களை அழி அழி என்று ஊரில் என்னைக் குடைந்தாயே, என்னிடம் ஒன்றும் இல்லை. நாஜி ரியாத்துக்கு வேலை மாறிப் போய்விட்டான். மடிக்கணினி அவனுடையது, கொண்டுபோய்விட்டான். அவன் நல்லவன்.

உம்மா எனக்கு வேறு பெண் பார்க்கிறேன் என்றாள். அதில் நீ தலையிடாதே.
ஹமூத்


ஸன்ஆ,
28 நவம்பர் 2008

தம்பி ஹமூதுக்கு அக்கா கவ்கபின் ஸலாம். ஸலாம் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. குளிர் தொடங்கிவிட்டது. உம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் லென்ஸை ஸாலிஹிடம் கொடுத்துவிட்டேன்.

சொல்லிக் கொடுத்தாய் என்கிறாய். சொன்னேன், சொல்லிக் கொடுக்கவில்லை. நோன்பு மாதத்தில் ஒரு நாள் தஹானியின் வீட்டுக்குப் போய், கார்டை நான் அனுப்பியதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். என் தவறு, என் முட்டாள்தனம் என்றும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் கையைத் தூக்கினேனே, அந்தப் படமுமா?" ஆமாம் என்றேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முக்காட்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள், வீட்டுக்குள், என் முன்னால். பிறகு, "அவரை வரச் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு என்ன பேசப்போகிறாள் என்று எனக்கும் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அப்போதுதான் நானும் கேட்டேன். அவளை நீ வெட்கம் கெட்டவள் என்று எழுதுகிறாய். உன் எழுத்தைத் தொடவே கூசுகிறது.

நீ போன பிறகு முஹ்ஸின் என்னை வாசல் பக்கம் கூப்பிட்டுக் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். "உன் வாப்பா இருந்திருந்தா உன்னை இந்த நிலைமைக்கு விட்டிருக்க மாட்டாரும்மா" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

நாஜி ரியாத்துக்குப் போய்விட்டான், மடிக்கணினியும் போய்விட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸமீராவின் கல்யாணத்துக்கு வந்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். உங்கள் முகம் ரியாத்தில் ஓர் அந்நியன் கையில் இருக்கிறது, என் வழியாகப் போனது, என் தம்பி செய்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொன்னேன். சில வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் நான் உட்கார்ந்த விரிப்பை நான் இருக்கும்போதே எடுத்து உதறினார்கள். ஸமீராவின் தாய் ஆல்பத்தை அடுப்பில் வைத்தாள். கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லாத பெண்ணாகிவிட்டாள் ஸமீரா. இதைச் செய்தது மார்க்கம் தெரியாத மிருகம் அல்ல, கஅபாவுக்குப் பக்கத்தில் நின்று எங்களுக்காகக் கை ஏந்துகிறவன். ஊருக்குத்தான் உபதேசம் உனக்கு. அந்த ஸ்டுடியோக்காரனாவது மார்க்கத்தை இழுக்கவில்லை.

நீ சொன்னது சரிதான், எந்த மண்டபமும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்தான் எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்திருக்கும். கடைத்தெரு வியாபாரிகளுக்குத் தேன் ஜாடிகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். வருமானம் போதவில்லை. போதும் என்று ஆக்கிக்கொள்வேன்.

உன் கல்யாணத்தில் தலையிடாதே என்று எழுதியிருந்தாய். வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகிவிட்டது. போன வியாழக்கிழமை உம்மா உனக்காக ஒரு தையல்காரரின் வீட்டில் பெண் கேட்கக் கிளம்பினாள். கைத்தாங்கலுக்கு நானும் போனேன். தேநீர் வைத்தார்கள், பெண் நல்ல பெண். உம்மா உன் சம்பளத்தைச் சொன்னாள். மிச்சத்தை நான் சொன்னேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் உம்மா என் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்தே நடந்தாள். அடுத்த வியாழன் வேறொரு வீடு பார்த்திருக்கிறாள். அங்கேயும் நான் போகிறேன்.

கவ்கப்